பூனைக்கு மெடல் கட்டினது யாரு? 1967ல வந்த ஒரு ஜெர்மன் படம் பத்தி டவுட்

பி1_பாஸாகாதவள் (இந்திராநகர், பெங்களூரு)

எல்லாருக்கும் வணக்கம். இங்க வெளிநாட்டுப் படம் நிறைய பாக்குறவங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்குறேன், சிரிக்காதீங்க. ரெண்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை ஜெர்மன் கிளாஸ் போயிட்டிருக்கேன். ஆபீஸ்ல ஷ்டுட்கார்ட் டீமோட தினம் கால் இருக்கேன்னு ஆரம்பிச்சது, இப்ப கால் எல்லாம் இங்கிலீஷ்லயே முடிஞ்சிடுது, நான் மட்டும் டேர் டீ டாஸ்னு ஜெர்மன் கிராமர உருப்போட்டுட்டு உக்காந்திருக்கேன். போன தீபாவளி சமயம் சர்ச் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய புத்தகக் கடைல குந்தர் கிராஸோட 'காட்ஸ் உன்ட் மவுஸ்' கிடைச்சுது, பூனையும் எலியும்னு அர்த்தம். 1961ல வந்தது. சின்ன புக்குதானே ஒரு மாசத்துல முடிச்சிடலாம்னு நெனச்சேன், ஏழு மாசம் ஆச்சு. அட்டைல ஒரு பூனை, அது கழுத்துல என்னவோ தொங்குது. நம்ம ஊர் புத்தி, மணின்னு நெனச்சுட்டேன். பாதி புக்கு தாண்டினப்புறம்தான் உறைச்சுது அது மணி இல்ல, நைட்ஸ் கிராஸ், ஹிட்லர் காலத்து வீரப்பதக்கம். அந்த அட்டைய வரைஞ்சதே கிராஸ்தானாம்.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. டான்சிக், இப்ப போலந்துல இருக்குற க்டான்ஸ்க். யுத்தம் ஆரம்பிச்ச புதுசுல மால்கேன்னு ஒரு பையனுக்கு 14 வயசு ஆகுது. அவனுக்கு குரல்வளை, சங்குன்னு சொல்வோமே அது, துருத்திட்டு இருக்கும், முழுங்கினா அது ஏறி இறங்குறது எல்லார் கண்ணுலயும் படும். முதல் சீன்லயே பசங்க கிரவுண்டுல படுத்திருக்காங்க, மால்கே தூங்குறான், சங்கு மட்டும் மேல கீழ போயிட்டு வருது, வாட்ச்மேன் வீட்டுப் பூனை அத எலின்னு நெனச்சு பாயுது. பூனைய ஏவிவிட்டது யாருன்னு கதை சொல்றவன், அவன் பேர் பிலென்ஸ், ஒருதரம் ஒரு மாதிரி சொல்றான் இன்னொரு தரம் வேற மாதிரி சொல்றான், ஆனா அவன்தான்னு நமக்கு தெரிஞ்சு போயிடுது. அப்புறம் மால்கே அந்த சங்க மறைக்க கழுத்துல என்னென்னமோ மாட்டுறான், ஸ்க்ரூ டிரைவர், மாதா டாலர், கம்பளி உருண்டை. கடைசில ஸ்கூலுக்கு ஸ்பீச் குடுக்க வந்த ஒரு நேவி ஆபீசரோட மெடலையே திருடிடுறான். ஸ்கூல விட்டு துரத்துறாங்க. பட்டாளத்துக்குப் போய் டாங்க்ல சண்டை போட்டு அதே மெடல சொந்தமா வாங்கிட்டு வர்றான், அதே ஸ்கூல்ல ஒரே ஒரு தடவ பேசணும், அவ்ளோதான் ஆசை. ஹெட்மாஸ்டர் விடல. மீதி சொல்லல, படிங்க.

போன வாரம் படம் பாத்தேன், கிளாஸ்மேட் ஒருத்தி டிவிடி குடுத்தா. ஹான்ஸ்யூர்கன் போலாண்ட் எடுத்தது, கறுப்பு வெள்ளை. ரெண்டு விஷயம் புரியவே இல்ல. ஒண்ணு, பசங்க நடுவுல ஒரு நாப்பது வயசு ஆள் ட்ராயரோட சுத்திட்டிருக்காரு, அவர்தான் பிலென்ஸாம். ஏன்?? ரெண்டு, இந்தப் படம் வந்தப்போ ஜெர்மனில பெரிய கலாட்டா ஆச்சுன்னு எங்க கிளாஸ் மேடம் சொன்னாங்க, காரணம் கேட்டா பையன் அந்த மெடல நீச்சல் ட்ராயர்ல தொங்கவிட்டு ஆடுறானே அந்த சீனாம். நாஜி மெடல், அத ஒருத்தன் கேலி பண்றான், நல்ல விஷயம்தானே? 1967ல யாருக்கு கோவம் வரும் இதுக்கு?

ஜஸ்ட்_பாசிங் (எலக்ட்ரானிக் சிட்டி)

படம் பாக்கல, ஆனா நம்ம ஊர்ல நடந்திருந்தா மட்டும் விட்ருப்பாங்களா. தேசியக்கொடிய இடுப்புக்குக் கீழ உடுத்தக்கூடாதுன்னு 1971 சட்டத்துக்கு 2005ல திருத்தமே போட்டு எழுதி வச்சிருக்கோம். இடுப்புக்கு மேலன்னா தேசபக்தி கீழன்னா கேஸு. அது நம்ம கொடி இது நாஜி மெடல், ரெண்டும் ஒண்ணான்னு சண்டைக்கு வராதீங்க, இடுப்புக்குக் கீழன்னாலே மனுஷனுக்கு ஒரு கூச்சம் இருக்குன்னுதான் சொல்ல வர்றேன்.

பழைய_புரொஜக்டர் (மல்லேஸ்வரம்)

நல்ல கேள்விம்மா. எனக்கு வயசு எழுபத்திரெண்டு, எண்பதுகள்ல இங்க ஒரு ஃபிலிம் சொசைட்டில பதினாறு எம்எம் ஓட்டினவன், கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கணும்.

யாருக்கு கோவம் வரும்னு கேட்டிருக்கீங்க. அந்த மெடல வாங்கினவங்களுக்கு வரும், வேற யாருக்கு. 1939ல ஹிட்லர் ஆரம்பிச்ச விருது, ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வாங்கினாங்க, கணிசமானவங்க உயிரோட திரும்பினாங்க. யுத்தம் முடிஞ்சதும் எல்லாரும் கண்காணாம போயிட்டாங்கன்னு நாம நெனைக்கிறோம், அதான் இல்ல. மேற்கு ஜெர்மனி 1955ல புது ராணுவம் ஆரம்பிச்சப்போ ஆபீசரா சேந்தவங்கள்ல பாதிக்கு மேல பழைய ராணுவத்து ஆளுங்கதான், வேற ஆள் எங்க இருந்து வருவான். 1957ல ஒரு சட்டம் போட்டாங்க, பழைய மெடல்கள போட்டுக்கலாம், ஸ்வஸ்திகா மட்டும் இருக்கக்கூடாதுன்னு. அந்த எடத்துல மூணு ஓக் இலைய வச்சு புதுசா வார்த்துக் குடுத்தாங்க. சிலுவை அதேதான், ரிப்பன் அதேதான், நடுவுல இருந்த சமாச்சாரம் மட்டும் காணோம். யோசிச்சுப் பாருங்க, ஒரு தேசமே அந்த மெடல் நடுவுல ஒரு இலைய வச்சு மூடி வச்சிருக்கு, அந்த நேரத்துல ஒரு சின்னப்பய அத ட்ராயர்ல தொங்கவிட்டு ஆடுறான். மெடல்காரங்களுக்குன்னு ஒரு சங்கமே இருந்துச்சு, அவங்கதான் முதல்ல கிளம்பினது.

இதுக்கு மேல எண்ணெய் ஊத்தினது நடிகர்கள். அந்த மால்கேயா நடிச்ச ரெண்டு பசங்க யாருன்னு கவனிச்சீங்களா? சின்ன மால்கே லார்ஸ் பிராண்ட், பெரிய மால்கே பேட்டர் பிராண்ட், அண்ணன் தம்பி. அப்பா வில்லி பிராண்ட். படம் எடுத்தப்போ அவர் மேற்கு பெர்லின் மேயர், 1967 ஆரம்பத்துல படம் வெளிவர்றப்போ வெளியுறவு அமைச்சர், 1966 டிசம்பர்லதான் பதவிக்கு வந்திருந்தாரு. அந்த மனுஷன் ஹிட்லர் வந்ததும் 1933ல நார்வேக்குத் தப்பி ஓடினவர். எதிராளிங்க ஒவ்வொரு தேர்தல்லயும் சொன்னது ஒண்ணுதான், நாங்க இங்க சாகுறப்போ நீ அங்க என்ன பண்ணிட்டிருந்தேன்னு. இப்ப அந்த ஆளோட பையன் நம்ம மெடல இடுப்புல கட்டி ஆடுறானான்னு கேக்க எவ்வளவு வசதி பாருங்க. கிராஸ் வேற 1965 தேர்தல்ல பிராண்டுக்காக ஊர் ஊராப் போய் பேசினவர். சினிமாவா அரசியலான்னு பிரிக்கவே முடியாது. அரசாங்கப் பணம் வேற படத்துக்குப் போயிருந்துச்சு, அதுல ஒரு சண்டை தனியா.

இன்னொன்னு கவனிக்கணும். 1962ல ஹெஸ்ஸே மாநில அமைச்சகம் ஒண்ணு புத்தகத்து மேலயே மனு போட்டுச்சு, இளைஞர்களுக்குக் கெடுதல், தடுப்புப் பட்டியல்ல சேருங்கன்னு. அப்ப காரணம் ஆபாசம், கடல்ல பாதி மூழ்கிக் கிடக்குற கப்பல் மேல பசங்க பண்ற போட்டி இருக்கே, படிச்சவங்களுக்குத் தெரியும், நான் எழுதல. எழுத்தாளங்க சத்தம் போட்டதும் மனுவ வாபஸ் வாங்கிட்டாங்க. ஆக அஞ்சு வருஷம் முன்னாடி பசங்களோட உடம்பு பிரச்சினை, அஞ்சு வருஷம் கழிச்சு உடம்பு மேல இருந்த உலோகம் பிரச்சினை.

அந்த நாப்பது வயசு ஆள் பேர் வோல்ஃப்காங் நொய்ஸ். பெர்லின்ல பெரிய மேடைக் கலைஞர், அரசியல் நக்கல் அவர் தொழில். 1962ல ஒரு டிவி துப்பறியும் சீரியல் ஓடுறப்போ கொலைகாரன் யாருன்னு பேப்பர்ல விளம்பரம் குடுத்து நாட்டுக்கே சஸ்பென்ஸ உடைச்சுவிட்டவர். ஜனங்க அவர அடிக்காத குறை. அந்த சீரியலோட பேர் கழுத்துத்துண்டு! கழுத்து இந்த மனுஷன விடவே இல்ல.

மடிவாலா_மீனா

புரொஜக்டர் சார் சூப்பர். ஆனா நாப்பது வயசு ஆள் ஏன்னு நீங்க சொல்லல, ஆளோட ஜாதகத்த மட்டும் சொல்லிட்டீங்க 😄

நான் கொஞ்ச நாள் நாடகக் குழுல இருந்தேன், எனக்கு அந்த சீன்ஸ் பாத்ததும் கட்டியங்காரன்தான் ஞாபகம் வந்தான். நம்ம தெருக்கூத்துல துரியோதனன் வேஷத்துல இருப்பான் திரௌபதி வேஷத்துல இருப்பா, கட்டியங்காரன் மட்டும் கதைக்கு உள்ளயும் வருவான் வெளியயும் நிப்பான், சபைல ராஜாகிட்ட பேசிட்டே திரும்பி நம்ம ஊர் தண்ணி லாரி பத்தி ஜோக் அடிப்பான், யாரும் ஏன்டா நீ மகாபாரத காலத்து டிரெஸ் போடலன்னு கேக்க மாட்டாங்க. பிலென்ஸ் அப்படித்தான். அறுபதுகள்ல க்டான்ஸ்க்குக்குத் திரும்பி வர்ற ஆள், பழசுக்குள்ள நடந்து போறான், ஆனா பையனா மாற முடியல, அந்த உடம்போடயே போக வேண்டியிருக்கு. பதினாலு வயசுப் பிலென்ஸ் ஒருத்தன நடிக்க வச்சிருந்தா நாம பாவம் சின்னப்பையன் தெரியாம பண்ணிட்டான்னு மன்னிச்சிருப்போம். நாப்பது வயசு ஆள் அதே பூனைய ஏவுறதப் பாக்குறப்போ மன்னிக்க வரல. எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

சும்மா_ஒரு_வாசகன் (ஜேபி நகர்)

எல்லாரும் ஓவரா தூக்கி வைக்கிறீங்க. படம் சுமார். உண்மையச் சொல்லணும்னா பிராண்ட் பசங்களும் மெடலும் இல்லன்னா இன்னிக்கு யாரும் பேர் கூட ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. மீனா அக்கா சொன்ன கட்டியங்காரன் ஐடியா பேப்பர்ல நல்லா இருக்கு, ஸ்கிரீன்ல அந்த ஆள் பசங்க கூட கப்பல் மேல உக்காந்திருக்குறப்போ எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. கட்டியங்காரனுக்கு குற்றவுணர்ச்சி கிடையாது, அவன் சாட்சி கூட இல்ல, பிலென்ஸ் குற்றவாளி, ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?

கிராஸ் கதைய எப்படி படமாக்கணும்னு தெரியணும்னா ஷ்லோண்டார்ஃப் 1979ல எடுத்த தகர டிரம் கதையப் பாருங்க. அதே டான்சிக், அதே யுத்தம், மூணு வயசுல வளர மாட்டேன்னு நிறுத்திக்கிட்ட பையன். கான்ஸ் படவிழால தங்கப் பனை விருத அந்த வருஷம் ரெண்டு படத்துக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க, ஒண்ணு கொப்பாலாவோட வியட்நாம் படம், இன்னொண்ணு இது. அடுத்த வருஷம் ஆஸ்கரும் வாங்கிடுச்சு. சர்ச்சைன்னு வந்தா இதுதான் சர்ச்சை, 1997ல அமெரிக்காவுல ஓக்லஹோமா சிட்டில ஒரு ஜட்ஜ் இது குழந்தை ஆபாசம்னு சொல்லிட்டாருன்னு போலீஸ் வீடியோ கடை கடையா ஏறி கேசட்ட எடுத்துட்டுப் போச்சு, வாடகைக்கு எடுத்துட்டுப் போனவங்க வீட்டுக்கே போய் வாங்கிட்டு வந்தாங்க. அப்புறம் ஃபெடரல் கோர்ட்ல அது செல்லாதுன்னு ஆச்சு. ஆஸ்கர் வாங்கி பதினேழு வருஷம் கழிச்சு!!

பழைய_புரொஜக்டர்

தம்பி அந்தப் படத்த நான் ஓட்டியிருக்கேன். ரெண்டாவது ரீல் மாத்தி கொஞ்ச நேரம் ஆனதும் கடற்கரைல செத்த குதிரைத் தலைய கயிறு கட்டி இழுப்பாங்க, வாய் காது எல்லாத்துலயும் விலாங்கு மீன் நெளிஞ்சு நெளிஞ்சு வெளிய வரும். முன்வரிசைல ஒரு மாமி எழுந்து போனாங்க, திரும்பி வரவே இல்ல. படம் முடிஞ்சு லைட் போட்டா சீட்டுல அவங்க எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மட்டும் இருந்துச்சு, ஒரு மாசம் ஆபீஸ் அலமாரில வச்சிருந்தோம், வாங்க வரல. ஆபாசம்னு நம்ம ஊர்ல யாரும் அன்னிக்கு சொல்லல, மீன்தான் தாங்கல.

ஆனா ஒண்ணு சொல்றேன். ஷ்லோண்டார்ஃப் கெட்டிக்காரர், நாவல்ல மூணு பகுதி இருக்கு, அவர் யுத்தம் முடியுற எடத்துல படத்த முடிச்சிட்டாரு. மூணாவது பகுதி, யுத்தத்துக்கு அப்புறம் எல்லாரும் எப்படி நல்லவங்களா மாறி வியாபாரம் பண்ணாங்கன்னு வர்ற பகுதி, படத்துல கிடையாது. போலாண்ட் நேர்மாறா பண்ணாரு. அவரு படத்த ஆரம்பிக்கிறதே யுத்தத்துக்கு அப்புறம். அதான் பழசு பழசாவே இருக்க மாட்டேங்குது, அதான் கோவம். சுமார் படம்தான், ஒத்துக்கறேன். போலந்தோட மேற்கு ஜெர்மனிக்கு ராஜாங்க உறவே இல்லாத காலம் அது, 1972லதான் வந்துச்சு, அந்த நேரத்துல அந்த ஊருக்கே போய் எடுத்துட்டு வந்தாங்க பாருங்க, அதுக்காவது ஒரு மார்க் போடலாம்.

பி1_பாஸாகாதவள்

ஐயோ இவ்ளோ பதிலா, ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஷ்டுட்கார்ட் கால ம்யூட்ல போட்டுட்டு படிச்சிட்டிருக்கேன்.

சார் அந்த இலை விஷயம் படிச்சதும் எனக்கு புக்குல ஒண்ணு புரிஞ்சிடுச்சு, ஏழு மாசம் டிக்ஷனரியோட மாரடிச்சும் புரியாதது. புக்குல பிலென்ஸ் அந்த மெடலோட பேர லேசுல சொல்ல மாட்டான். டாஸ் டிங், அதாவது அந்தப் பொருள்னு சொல்வான், மிட்டாய்னு சொல்வான், சாமான்னு சொல்வான், என்னென்னமோ சொல்வான், நேரா பேர் மட்டும் வாயில சுலபமா வராது. நான் அத எல்லாம் தனித்தனி வார்த்தைன்னு நெனச்சு நோட்டுல வரிசையா எழுதி வச்சிருந்தேன், பத்து வார்த்தை தேறுச்சு, எல்லாத்துக்கும் எதிர்ல ஒரே அர்த்தம், எனக்கே என் நோட்ட பாத்து சிரிப்பு. நம்ம பாட்டிங்க புருஷன் பேர் சொல்ல மாட்டாங்களே, இவரு, அவரு, பெரியவன் அப்பான்னு, அப்படி. ராத்திரில பாம்புன்னு சொல்லாம பூச்சின்னு சொல்றோமே அப்படியும் வச்சுக்கலாம், மரியாதையா பயமான்னு எனக்கு இன்னும் தெரியல.

ட்ராயர் சீன் புக்குலயும் இருக்கு, இன்னும் மோசமாவே இருக்கு, அங்க ட்ராயரும் கிடையாது. ஆனா அங்க தொங்குறது "அந்தப் பொருள்". படத்துல அப்படி எப்படி எடுப்பீங்க? கேமராவுக்கு "அந்தப் பொருள்"னு ஒண்ணு எடுக்கத் தெரியாதே, வெய்யில்ல பளபளன்னு நைட்ஸ் கிராஸேதான் தெரியும், ஸ்கூல் பையன் தொடைக்கு நடுவுல. எழுத்துல ஆறு வருஷம் சும்மா இருந்தவங்க படம்னதும் ஏன் குதிச்சாங்கன்னு இப்பதான் புரியுது.

இன்னொன்னு, நீங்க சொன்ன சங்கம் புக்கோட கடைசிப் பக்கத்துல இருக்கு!! 1959ல ரெகன்ஸ்பர்க்ல அந்த மெடல்காரங்க கூட்டம் நடக்குது, பிலென்ஸ் அங்க போய் நிக்கிறான், மால்கே வருவானான்னு. வாசல்ல ஆள விட்டு பேர் சொல்லி கூப்பிட வைக்கிறான். வரல. அவ்ளோதான் புக்கு. ஸ்பாய்லர்தான், ஸாரி, நானும் நொய்ஸ் மாதிரி பண்ணிட்டேன்.

அல்சூர்_தம்பி

நான் இந்தப் பக்கம் வர்றது கம்மி, கிரிக்கெட் திரெட்லதான் இருப்பேன். மெடல்னு பாத்து உள்ள வந்தேன். நான் புக்கும் படிக்கல படமும் பாக்கல, தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க.

எங்க தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்து இன்ஜினியர் ரெஜிமென்ட். அல்சூர் ஏரிப் பக்கம் எம்ஈஜி சென்டர், அந்த ரெஜிமென்ட்டோட பயிற்சி மையம், இருக்கே அதுல சேந்து பயிற்சி எடுத்து ரெண்டாவது உலகப்போருக்கு பர்மா போனவர், பாலம் கட்டுறது அவங்க வேலை. வேலூர்ப் பக்கம் எங்க ஊரு, அதுக்கப்புறம் இங்கயே தங்கிட்டோம். அந்த ரெஜிமென்ட்ல சிப்பாய தம்பின்னுதான் கூப்பிடுவாங்க, என் ஐடி அதான். அவருக்கு பர்மா ஸ்டார் குடுத்தாங்க. ஆறு முனை நட்சத்திரம், வெங்கல கலர், ரிப்பன் கருநீலம் நடுவுல சிவப்பு ரெண்டு பக்கமும் ஆரஞ்சு கோடு. ட்ரங்க் பெட்டில ஒரு குட்டிகுரா பவுடர் டப்பாக்குள்ள பஞ்சு வச்சு வச்சிருந்தாரு.

எனக்கு எட்டு வயசு இருக்கும். நான் அத எடுத்து அரைஞாண் கயித்துல கட்டிட்டு ஜட்டியோட தெருவுல ஓடினேன், சத்தியமா, இந்தத் திரெட் தலைப்பு படிச்சப்போ எனக்கு முதுகு சுர்ருனுச்சு, ஏன்னா பாட்டி முருங்கைக் குச்சி ஒடியுற வரைக்கும் அடிச்சா. தாத்தா திண்ணைல உக்காந்து பாத்துட்டிருந்தாரு, ஒண்ணும் சொல்லல. நான் அழுது முடிச்சதும் கூப்பிட்டு, "அத வச்சு ஒரு கிலோ அரிசி வாங்க முடியுமாடா"ன்னு கேட்டாரு. எனக்கு புரியல. அப்புறம் அவரே டப்பால வச்சு மூடினாரு. பாலத்துல கூட இருந்த ரெண்டு பேர் ஆத்துல போயிட்டாங்கன்னு அவர் செத்தப்புறம் அப்பா சொல்லித்தான் தெரியும். அது யார் யுத்தம், வெள்ளைக்காரன் யுத்தம், ஆனா ஆத்துல போனது காட்பாடி ஆளுங்க.

எதுக்கு சொல்றேன்னா, கோவம் வந்தது வாங்கினவருக்கு இல்ல, பாட்டிக்கு. ஜெர்மன்காரங்க வீட்லயும் சங்கத்துல கத்தினவன் ஒருத்தன், டப்பால வச்சு மூடினவன் ஒருத்தன் இருந்திருப்பான்ல.

இன்னொண்ணு ஞாபகம் வருது. மூடி வைக்கிறதுன்னா எங்க ஏரியாக்காரனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். ஏரிகிட்ட வள்ளுவர் சிலை 1991ல வச்சாங்க, திறக்க விடல, பதினெட்டு வருஷம் மூடியேதான் நின்னுச்சு. நான் ஸ்கூல் போறப்போ எல்லாம் அந்த மூட்டைய தாண்டித்தான் போவேன். உள்ள வள்ளுவர் இருக்காருன்னு எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாத மாதிரி போவோம் வருவோம். 2009ல கலைஞர் வந்து திறந்தப்போ கூட்டத்துல நானும் இருந்தேன், அங்க சென்னைல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை, இங்க இவரு. திறந்தப்புறம் பாத்தா சாதாரண சிலை. அவ்ளோ நாள் நாங்க கற்பனை பண்ணினது இன்னும் பெருசு.

மடிவாலா_மீனா

தம்பி நீங்க கிரிக்கெட் திரெட்ட விட்டுட்டு இங்கயே வந்துடுங்க.

சும்மா_ஒரு_வாசகன்

தம்பி எழுதினதுக்கு மேல நான் என்ன சொல்ல, ஆனா ஒரு விஷயம் யாருமே தொடல, தொடாம விட்டா நேர்மை இல்ல. ஊரே மூடி வச்சிருக்குன்னு எழுதின கிராஸே ஒண்ண மூடி வச்சிருந்தாரு. பதினேழு வயசுல வாஃபன் எஸ்எஸ்ல, அதாவது நாஜி எஸ்எஸ்ஸோட ஆயுதப் படைல, இருந்தேன்னு 2006லதான் வாயத் திறந்தாரு, வெங்காயம் உரிக்கிற தலைப்புல சுயசரிதை வந்தப்போ. நோபல் 1999லயே வாங்கியாச்சு. அறுபது வருஷம்!! க்டான்ஸ்க்ல குடுத்த கௌரவக் குடியுரிமைய திருப்பிக் குடுன்னு போலந்தோட முன்னாள் அதிபர் வலேசாவே கேட்டாரு, அப்புறம் சமாதானம் ஆயிட்டாரு. எனக்கு இது தெரிஞ்சப்புறம் அவர் புக்க எடுத்தா ஒரு கசப்பு வருது. மத்தவன் மெடல கிண்டல் பண்ண இவருக்கு என்ன யோக்கியதை?

பழைய_புரொஜக்டர்

அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எனக்கும் சாப்பாடு இறங்கல. அந்த மனுஷன் 1986ல கல்கத்தா வந்து மாசக்கணக்குல தங்கினவர், நாங்க எல்லாம் நம்ம ஆள் மாதிரி கொண்டாடினோம். பதினேழு வயசுப் பையன கட்டாயமா பட்டாளத்துல எடுத்தாங்க, அத மன்னிக்கலாம். அறுபது வருஷம் சொல்லாததுக்குத்தான் எனக்கு பதில் கிடைக்கல, இன்னிக்கு வரைக்கும்.

பி1_பாஸாகாதவள்

இது எனக்கு தெரியவே தெரியாது, எங்க மேடமும் சொல்லல. நேத்து ராத்திரி புக்க மறுபடி எடுத்து கடைசி முப்பது பக்கம் படிச்சேன். மால்கே பட்டாளத்த விட்டு ஓடி வந்து மூழ்கின கப்பலுக்குள்ள ஒளிஞ்சுக்கப் போறான், பிலென்ஸ்தான் படகு தள்ளிட்டுப் போறான். கைல டின் சாப்பாடு. திறக்குற ஓப்பனர் மேல பிலென்ஸ் காலை வச்சு மறைச்சுட்டு நிக்கிறான், மால்கே கீழ முங்கிப் போனப்புறம்தான் காலுக்கு அடில இருக்கேன்னு கத்துறான், மேல இருந்து தட்டுறான். டின் இருக்கு, திறக்க வழி இல்ல. முதல் தடவ படிச்சப்போ இது நண்பன் மேல பொறாமைன்னு நெனச்சேன். இப்ப 1961ல இத எழுதினவன் எது மேல கால வச்சு நின்னுட்டிருந்தான்னு வேற மாதிரி படிக்க வருது. வாசகன் சார், உங்க கசப்பு சரிதான், எனக்கும் இருக்கு, ஆனா புக்க கீழ வைக்க முடியல. படத்துல அந்த எடம் வந்த வேகத்துல போயிடுச்சு, அங்கதான் உங்க சுமார்ன்ற மார்க்குக்கு நான் கையெழுத்து போடுவேன்.

சும்மா_ஒரு_வாசகன்

சார் எல்லாம் வேணாம், எனக்கு முப்பத்தொண்ணுதான். ஓப்பனர் விஷயம் நானும் மறந்துட்டேன், இன்னிக்கு எடுத்துப் பாக்குறேன். கசப்பு போகும்னு சொல்லல.

அல்சூர்_தம்பி

அக்கா அந்த டிவிடி ஒரு வாரம் கிடைக்குமா, இந்திராநகர் மெட்ரோல வந்து வாங்கிக்கறேன். சப்டைட்டில் இருக்கா? அப்புறம் இங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, நேத்து பவுடர் டப்பாவ திறந்தேன், ஸ்டார் நல்லா இருக்கு, ரிப்பன் பூச்சி அரிச்சு பொடிப்பொடியா போயிடுச்சு. அதே கலர்ல ரிப்பன் மட்டும் எங்க கிடைக்கும்?

ஜஸ்ட்_பாசிங்

எம்ஈஜி கேட்டுகிட்ட யூனிஃபார்ம் தைக்கிற கடைங்க ரெண்டு மூணு இருக்கு, அங்க மெடல் ரிப்பன் அளந்து வெட்டிக் குடுப்பாங்க, பழைய ரிப்பன்ல ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க, கலர் காட்ட. ஞாயித்துக்கிழமை லீவு.